கருக்கலைப்பும் அதற்குப் பிந்திய காப்பும்

முதல் மூன்று மாதங்களுக்குள் கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணின் உடலில் அடுத்த கருமுட்டை வெளிப்படுவதற்கு நெடுங்காலம் ஆவதில்லை. சிலருக்குப் பத்தே நாட்களில் அது நிகழ்ந்துவிடும், பெரும்பாலோருக்கு முதல் மாதவிலக்கு வருமுன்பே நிகழ்ந்துவிடும். பிரசவித்துப் பாலூட்டும் தாய்க்கு இயற்கை அளிக்கும் சொற்ப கால அவகாசம்கூட இவளுக்குக் கிடையாது. ஆகையால், 'குளித்து முழுகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானமும், 'ஆறு வாரம் கழித்து வா' என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் சீட்டும் உடற்கூற்றின் கணக்குக்குப் பிந்தியவையாகவே அமைகின்றன. கருச்சிதைவுக்கோ கருக்கலைப்புக்கோ பின்னர் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தபட்சம் ஆறு மாத இடைவெளி வேண்டும் என்று, 2005-ல் கூட்டிய நிபுணர் ஆலோசனையின் முடிவாக, உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தைக் காத்துக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு, கலைப்பு நடக்கும் அந்த வருகையிலேயே பல்லாண்டு பயன்தரும் கருத்தடைச் சாதனம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது நாம் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம். அதை விரும்பாத பெண்ணின் தலையில் அது கட்டப்படாமல் இருக்கிறதா என்பது, முதலாவதிலிருந்து பிரித்துப் பேசலாகாத இரண்டாவது விஷயம்.

நீண்டகாலக் கருத்தடை என்று வைத்தியர்கள் குறிப்பிடுபவை பிரதானமாக இரண்டு வகை. கருப்பைக்குள் வைக்கப்படுவது ஒன்று: தாமிரம் சுற்றிய காப்பர்-டி, அல்லது ஹார்மோனைச் சிறிது சிறிதாகச் சுரக்கும் மற்றொரு சாதனம். மேற்கையின் தோலுக்கு அடியில் தீக்குச்சியளவில் பதிக்கப்படும் இம்ப்ளாண்ட் மற்றொன்று. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வழங்கும் காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகளும், 375 என்னும் வகை ஐந்து ஆண்டுகளும் பயன்படுபவை. இம்ப்ளாண்ட் மூன்று ஆண்டுகள். சிலி தேசத்து ஜெய்மே சிப்பர் கருப்பையில் தாமிரத்தின் குணத்தைக் கண்டறிந்ததும், ஹோவர்டு டாட்டம் என்ற அமெரிக்கர் அந்தப் பையின் வடிவுக்கு இசைந்த 'டி' உருவை வகுத்ததும் 1960-களின் பிற்பகுதியில் நடந்தவை. இச்சாதனங்களின் மேன்மை அவற்றின் ரசாயனத்தில் மட்டும் அடங்கியதன்று. நாள்தோறும் நினைவில் வைத்து விழுங்க வேண்டிய கடமையிலிருந்து அவை பெண்ணை விடுவிக்கின்றன என்பதே மேன்மையின் பெரும்பகுதி. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை 9,256 பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்களை அவரவர் விருப்பப்படி இலவசமாக வழங்கி நடத்திய ஆராய்ச்சியில், மாத்திரை முதலானவற்றைக் கைக்கொண்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4.55 வீதம் எதிர்பாராத கர்ப்பம் ஏற்பட, நீண்டகாலச் சாதனங்களைக் கைக்கொண்டவர்களில் அந்த வீதம் 0.27-ஆக நின்றது. காசும் தடையும் குறுக்கே நிற்காதபோது, சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நீண்டகாலச் சாதனத்தையே தேர்ந்துகொண்டனர் என்பதும் அதே ஆராய்ச்சி கண்ட செய்தி.

இவ்வளவு பயனுள்ள பொருளைக் கலைப்பு முடிந்த கையோடு வைத்துவிடுவதற்கு வைத்தியர்கள் ஏன் தயங்கினார்கள் என்று கேட்டால், அத்தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் ஒரு காலத்தில் இருந்தன என்றே சொல்ல வேண்டும். கலைப்புக்குப் பின் கருப்பை மென்மையாகவும் விரிந்தும் இருப்பதால் சாதனம் நழுவி வெளியே வந்துவிடும் என்றும், புண்பட்ட இடத்தில் அந்நியப் பொருளை வைப்பது கிருமித் தொற்றுக்கு வழிகோலும் என்றும் அஞ்சினார்கள். 1971 முதல் 1974 வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட டால்கன் ஷீல்டு என்ற சாதனம், பல இழைகளால் முறுக்கிய அதன் நூல் வழியே கிருமிகள் கருப்பைக்கு ஏறிப் பல பெண்களைப் பெருந்துன்பத்துக்கு ஆளாக்கியதால், கருப்பைச் சாதனம் என்றாலே ஒரு தலைமுறை வைத்தியர்களுக்கு அச்சம் தோன்றலாயிற்று. ஒரு தயாரிப்பின் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாக எழுதப்பட்டுவிட்டது.

அந்த அச்சத்தை அளந்து பார்த்த பரிசோதனைகளுள் 2011-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பரிசோதனை சற்று விரித்துச் சொல்லத்தக்கது. முதல் மூன்று மாதத்தில் உறிஞ்சல் முறையால் கலைப்பு செய்துகொண்டு கருப்பைச் சாதனமும் வேண்டும் என்று கேட்ட 575 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றப் பிரிவினருக்குச் சில வாரங்கள் கழித்தும் அதை வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதத்தில் சாதனம் நழுவி வந்தது உடனே வைத்தவர்களில் 5 விழுக்காடு, தாமதித்து வைத்தவர்களில் 2.7 விழுக்காடு. இவ்வளவோடு நிறுத்தினால் தயங்கியவர்களின் கட்சியே வென்றதாகத் தோன்றும். ஆனால் தாமதப் பிரிவினரில் 71.3 விழுக்காட்டினரே திரும்ப வந்து சாதனத்தை வைத்துக்கொண்டார்கள். தாமே விரும்பிக் கேட்ட பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வரவேயில்லை. ஆறு மாத முடிவில் தகவல் கிடைத்தவர்களுள் சாதனம் உடையவர்கள் உடனடிப் பிரிவில் 92.3 விழுக்காடு, தாமதப் பிரிவில் 76.6 விழுக்காடு. அதற்குள் மீண்டும் கருவுற்றவர்கள் தாமதப் பிரிவில் ஐவர், உடனடிப் பிரிவில் எவருமில்லை. கருப்பையிலிருந்து நழுவி விழும் சாதனத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வைத்திய சாஸ்திரம், இரண்டாவது வருகைக்கு வராமல் நழுவிப்போகும் பெண்ணைத் தன் கணக்கிலேயே சேர்க்காதிருந்தது என்பதை இந்த எண்கள் புலப்படுத்துகின்றன. அவள் வராததற்குச் சோம்பல் காரணமென்று நினைப்பவர்கள், ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, கைக்குழந்தையை யாரிடம் விடுவது, மாமியாரிடம் என்ன சொல்லிப் புறப்படுவது என்ற நான்கையும் எண்ணிப் பார்க்கட்டும்.

1974 முதல் கருத்தடையை இலவசமாக வழங்கிவரும் பிரிட்டனில், எடின்பரோ நகரத்து ஆய்வு ஒன்று, கலைப்புக்குப் பின் மாத்திரையைத் தேர்ந்த பெண்களோடு ஒப்பிட, இம்ப்ளாண்டைத் தேர்ந்தவர்கள் இரண்டாண்டுக்குள் மறுகலைப்புக்கு வரும் வாய்ப்பு பதினாறில் ஒரு பங்காகவும், கருப்பைச் சாதனத்தைத் தேர்ந்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்காகவும் குறைந்ததாக 2012-ல் தெரிவித்தது. இது குலுக்கல் பரிசோதனையன்று. மூன்றாண்டுச் சாதனத்தை நாடும் பெண்ணின் நோக்கமும் மாத்திரையை நாடும் பெண்ணின் நோக்கமும் முதலிலேயே வேறுபட்டிருக்கலாமாகையால், வேற்றுமை முழுவதையும் சாதனத்தின் சக்தியாகவே கொள்வது மிகையாகும். அந்தத் தள்ளுபடியைச் செய்த பிறகும் எஞ்சுவது அற்பமன்று. இதற்கு மாறாக அமெரிக்காவில், 1970-ல் பிறந்த குடும்ப நல நிதிச் சட்டம் தன் பணம் கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கொள்ளும் திட்டங்களுக்குச் செல்லலாகாது என்று விலக்கியதும், 1976-ல் வந்த ஹைடு திருத்தம் ஏழைகளின் மருத்துவ உதவிப் பணத்தை ஏறத்தாழ முழுவதுமாகக் கலைப்பிலிருந்து அகற்றியதும் சேர்ந்து, ஒரே உடலுக்கு ஒரே நாளில் செய்யத்தக்க இரண்டு சிகிச்சைகளை இரண்டு பணப்பெட்டிகளுக்கு உரியவையாக்கிவிட்டன. கருத்தடை பெருகினால் கலைப்பு குறையும் என்று மேடையில் பேசுகிறவர்களே அவ்விரண்டுக்கும் நடுவில் சுவரெழுப்பியிருப்பது அந்நாட்டு அரசியலின் வினோதங்களில் ஒன்று.

நம் நாட்டின் நிலை வேறு விதமானது. இங்கே சட்டம் இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே ஒரே மூச்சில் பேசிற்று. சாந்திலால் ஷா தலைமையிலமைந்த குழுவின் ஆலோசனைகளை ஒட்டி 1971-ல் இயற்றப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், மணமான தம்பதிகள் கைக்கொண்ட கருத்தடை பொய்த்துப்போனதால் உண்டான கர்ப்பத்தைக் கலைப்புக்குரிய காரணமாக ஏற்றது. ஐம்பது ஆண்டு கழித்து 2021-ல் வந்த திருத்தம் அந்த வாசகத்திலிருந்து மணத்தின் நிபந்தனையை நீக்கிற்று. கலைப்பு செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே காப்பர்-டியும் இலவசமாக இருக்கிறது. அறுவை முறையில் கலைப்பு முடிந்த உடனோ, தொற்று இல்லையாயின் பன்னிரண்டு நாட்களுக்குள்ளோ அதை வைக்கலாம் என்று மத்திய அரசாங்கத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் கருப்பைச் சாதனம் உடையவர்கள் 2.1 விழுக்காடு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தைகளுக்குப் பின் கதவை அடியோடு மூடுவது, அதுவரை ஒன்றுமே செய்யாதிருப்பது என்ற இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள நீண்ட வருஷங்களில்தான் கலைப்புகள் நேர்கின்றன.

அக்கலைப்புகள் எங்கே நேர்கின்றன என்பதுதான் இப்போது முக்கியமான கேள்வி. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டி, 2015-ஆம் ஆண்டைக் குறித்துச் செய்த மதிப்பீடு ஒன்று, இந்தியாவில் அவ்வாண்டு 1 கோடி 56 லட்சம் கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும், ஆஸ்பத்திரிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் நடந்தவை 22 விழுக்காடே என்றும் கண்டது. கலைப்பு மாத்திரை நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றது 2002-ல். பதினைந்து ஆண்டு நிறைவதற்குள் ஆஸ்பத்திரி மேஜையிலிருந்து கலைப்பின் பெரும்பகுதி மருந்துக் கடைக்கும் வீட்டுக்கும் பெயர்ந்துவிட்டது. தன் வீட்டின் அந்தரங்கத்தில், கத்தியும் மயக்க மருந்தும் இன்றி, எவருடைய ஏச்சுக்கும் ஆளாகாமல் காரியத்தை முடித்துக்கொள்வது பெண்ணுக்குப் பெரிய லாபம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடைக்காரர் மாத்திரையைக் கொடுப்பாரேயன்றிக் காப்பர்-டியை வைக்க மாட்டார். மேலும், மாத்திரை முறையில் கருப்பை முற்றிலும் காலியானது உறுதியான பிறகே கருப்பைச் சாதனத்தை வைக்க முடியுமாகையால், நம் வழிகாட்டு நெறிகள் அதற்குப் பதினைந்தாம் நாளை விதித்திருக்கின்றன. அமெரிக்கப் பரிசோதனையில் நான்கில் ஒருவருக்கு மேல் தவறவிட்ட அதே இரண்டாவது வருகை இங்கே வேறு பெயரில் திரும்ப வந்துவிடுகிறது.

இந்த இடுக்கிலிருந்து வெளியேற வைத்தியம் கண்ட வழி இம்ப்ளாண்ட். முதல் மாத்திரையை விழுங்கும் அதே நாளில் அதைக் கையில் பதித்துவிடலாம், கலைப்பின் வெற்றிக்கு அதனால் பங்கமில்லை என்று 2016-ல் வெளிவந்த இரு வேறு பரிசோதனைகள், ஒன்று அமெரிக்கா-மெக்ஸிகோவிலும் மற்றொன்று ஸ்வீடன்-ஸ்காட்லாந்திலும் நடந்தவை, நிரூபித்தன. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசியையும் அதே நாளில் போடலாம். ஆனால் அப்படிப் போட்டவர்களில் கர்ப்பம் கலையாமல் தொடர்ந்தவர்கள் 3.6 விழுக்காடு, பிந்திப் போட்டவர்களில் 0.9 விழுக்காடு என்ற வேற்றுமையை முன்கூட்டியே பெண்ணிடம் சொல்லிவிடுவது கடமை. நம் அரசாங்கம் அந்த ஊசியை 'அந்தரா' என்ற பெயரில் 2017-ல் வழங்கத் தொடங்கிற்று. இம்ப்ளாண்டோ அண்மைச் சில ஆண்டுகளில்தான் சில மாநிலங்களின் சில மாவட்டங்களுக்கு எட்டிப் பார்த்திருக்கிறது.

உலகின் பல தேசங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலுள்ள ஒரு சாதனம் இங்கே இவ்வளவு பிந்தி வந்ததற்குக் காரணம் அதிகாரிகளின் மந்தகதி மட்டுமன்று. அதற்குப் பின்னே நியாயமான ஓர் அவநம்பிக்கை இருக்கிறது. 1965-ல் லிப்பிஸ் லூப் என்னும் பிளாஸ்டிக் சாதனம் தேசத்தின் ஜனத்தொகைப் பிரச்சினைக்கு ஒரே பரிகாரமென்று கொண்டுவரப்பட்டு, கான்பூரில் அதற்கென்று தொழிற்சாலையும் நிறுவப்பட்டு, மாவட்டந்தோறும் இலக்கு விதிக்கப்பட்டு, முகாம்களில் லட்சக்கணக்கான பெண்களுக்கு வைக்கப்பட்டது. உதிரப்போக்கும் வலியும் வரக்கூடும் என்று அவர்களிடம் சொன்னவர் சிலரே. வந்தபோது போய்ப் பார்க்க ஆளில்லை. சில வருஷங்களுக்குள் லூப் என்ற பெயரே கிராமங்களில் பயமுறுத்தும் சொல்லாகிவிட்டது. 1976-77-ல் நெருக்கடி நிலையின் நிழலில் நடந்த எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் அந்த பயத்துக்கு மேலும் வலுவூட்டின. 1980-களில் ஊசி மருந்துப் பரிசோதனையொன்று ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் நடந்தபோது, அது பரிசோதனையென்பதே பெண்களுக்கு விளக்கப்படவில்லை என்று கண்ட ஸ்திரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய மகளிர் அமைப்புகள் 1986-ல் உச்ச நீதிமன்றத்தை நாடின. தோலடியில் வைக்கும் நார்பிளாண்டையும் அவ்வமைப்புகள் எதிர்த்தன. பங்களாதேஷிலும் இந்தோனேஷியாவிலும் அதை எடுத்துவிடுமாறு கேட்ட பெண்கள் அலைக்கழிக்கப்பட்ட செய்திகள் அவர்கள் கையில் இருந்தன. தன் கையால் நிறுத்திக்கொள்ள முடியாத சாதனம், எவர் கையில் நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் பெண்ணை அடகு வைக்கிறது என்ற அவர்களுடைய வாதம் இன்றும் பொய்த்துவிடவில்லை.

கருக்கலைப்பு மேஜையில் இந்த வாதம் இரட்டிப்புக் கூர்மை பெறுகிறது. கலைப்பு வேண்டி வந்து நிற்கும் பெண் பேரம் பேசும் நிலையில் இல்லை. நாட்கள் ஓடுகின்றன, ரகசியம் காக்க வேண்டியிருக்கிறது, எதிரில் இருப்பவரின் தயவு வேண்டியிருக்கிறது. 'காப்பர்-டி போட்டுக்கொள்கிறாயா, ஆபரேஷன் செய்துகொள்கிறாயா, சம்மதித்தால் கலைக்கிறோம்' என்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நிபந்தனை விதிக்கப்பட்டதைப் பல மாநிலங்களில் நடந்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கருத்தடையை ஏற்பது கலைப்புக்கு முன்நிபந்தனையாகலாகாது என்று மத்திய அரசாங்கத்தின் பயிற்சி நூல்களே வெளிப்படையாக எழுதியிருக்கின்றன. நூலில் எழுதியது வார்டுக்குள் நுழையும்போது சில இடங்களில் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இந்த நிபந்தனையின் விளைவு விசித்திரமானது: ஆஸ்பத்திரிக்குப் போனால் எதையாவது வைத்து அனுப்பிவிடுவார்கள் என்றஞ்சும் பெண் மருந்துக் கடைக்குப் போகிறாள்; அங்கே அவள் விரும்பியிருக்கக்கூடிய சாதனமும் கிடைக்காமற் போகிறது. நிர்ப்பந்தமே அணுக்கத்துக்குத் தடையாகிறது என்பதை இலக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் உணர்வதில்லை.

மத்திய அரசாங்கத்தின் திட்டப்படி, கலைப்புக்குப் பின் காப்பர்-டி வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு 300 ரூபாயும், வைப்பவருக்கு 150 ரூபாயும், அழைத்து வரும் ஆஷா ஊழியருக்கு 150 ரூபாயும் தரப்படுகின்றன. ஏழைப் பெண்ணின் அலைச்சலுக்கு ஈடு செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வைப்பவர், அழைத்து வருபவர் ஆகியோரின் வருமானத்தைப் பெண்ணின் 'சரி' என்ற ஒரு சொல்லோடு கட்டிவைப்பது, அவளுக்கு அறிவுரை கூற வேண்டியவரைத் தரகராக்கும் அபாயம் உடையது. ஆலோசனை சொன்னதற்கு ஊதியம் கொடுக்கட்டும், அதன் முடிவு எதுவாயினும். சாதனத்தை வைத்ததற்குக் கொடுக்கும் தொகையைக் கேட்டவுடன் எடுத்துவிட்டதற்கும் கொடுக்கட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பெண்ணின் சுதந்திரத்தின் பெயரால் அவளுக்கு அநீதி இழைத்தவர்களாவோம். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மணமான பெண்களிடையே சுந்தரி ரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு, கணவனின் வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்ல இயலாமையும், கருத்தடைக்கு அவன் இசையாமையுமே பல கலைப்புகளுக்கு மூலம் என்று கண்டது. அவன் கலைப்புக்கு ஆட்சேபிப்பதில்லை. அவள் 'இன்று வேண்டாம்' என்று சொல்வதற்குத்தான் ஆட்சேபிக்கிறான். அத்தகைய வீட்டில் வாழும் பெண்ணுக்கு, தலையணைக்கடியில் ஒளித்து வைக்க வேண்டிய மாத்திரைப் பட்டையைவிட, எவர் கண்ணிலும் படாத காப்பர்-டி எவ்வளவு பெரிய துணையென்பதை விவரிக்க வேண்டியதில்லை. அவளிடம் அதை எடுத்துச் சொல்லாமல் அனுப்பிவிடும் வைத்தியரும் தம் கடமையில் தவறியவரே. சொல்ல வேண்டும், கையில் வைத்திருக்க வேண்டும், வேண்டாமென்றால் முகம் சுளிக்காமல் கலைப்பைச் செய்து அனுப்ப வேண்டும்.

இந்த நிதானத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடிச் சிந்தனை இருக்கிறது. கர்ப்பத்தடையை மற்றவர்கள் பெண்ணின் ஆரோக்கியம் கருதியும், குடும்பச் சொத்து சிதறாமை கருதியும், நாட்டின் வறுமை கருதியும் ஆதரித்த காலத்தில், பெரியார் ஈ.வெ.ரா. பெண் விடுதலை அடைவதற்காகவே அது வேண்டும் என்று வாதித்துத் தம் காரணத்தை ஏனையோர் காரணங்களிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார். பின்னர் வந்த அரசாங்கத் திட்டங்கள் அவர் ஒதுக்கி வைத்த காரணங்களையே பற்றிக்கொண்டன. சென்னை ராஜ்ஜியம் 1950-களிலேயே ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்து இந்தியாவுக்கு வழிகாட்டியதும் ஜனத்தொகைக் கணக்கை மனத்தில் வைத்துத்தான். பெண்ணின் நலனும் சர்க்காரின் எண்ணிக்கையும் சில சமயம் ஒரே சாதனத்தில் வந்து சந்திக்கின்றன என்பது மெய்யே; அவை பிரியும் நாளில் எது விட்டுக்கொடுப்பது என்பதை ஆஸ்பத்திரிகள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளவில்லை.

காரியத்தில் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. கலைப்பு செய்யும் எல்லா இடங்களிலும் காப்பர்-டியும் இம்ப்ளாண்டும் அவற்றை வைக்கவும் எடுக்கவும் தெரிந்த செவிலியும் இருத்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு இவ்விரண்டு வித்தையும் கற்பிக்கத்தக்கவையே. மாத்திரையை வீட்டில் விழுங்கிய பெண், எங்கே யார் கொடுத்தது என்ற விசாரணையின்றி, பதினைந்தாம் நாள் சுகாதார நிலையத்துக்கு வந்து சாதனம் கேட்க முடியவேண்டும். இன்று அவள் வராததற்கு அந்த விசாரணையின் பயமே பாதிக் காரணம் என்று கருதுகிறேன். கலைப்புக்கு முந்தைய ஆலோசனையிலேயே, மேஜையில் படுத்த பிறகன்று, கருத்தடைப் பேச்சு நடந்து முடிந்திருக்க வேண்டும்.

வாசகரில் எவரேனும் தம் மனைவியையோ மகளையோ தங்கையையோ இக்காரியத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், என்னென்ன சாதனங்கள் இன்றே கிடைக்கும், வேண்டாமென்றாலும் கலைப்பு நடக்குமா, பிற்பாடு எடுத்துவிட யாரிடம் வரவேண்டும் என்ற மூன்றையும் அவளே கேட்குமாறு விட்டுவிட்டுச் சற்று விலகி நிற்பது உத்தமம். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்குச் சட்டம் கோருவது அவளுடைய சம்மதம் ஒன்றையே. கணவனின் கையொப்பம் அதற்கும் தேவையில்லை, காப்பர்-டிக்கும் தேவையில்லை.